கொன்றிருப்பேன்

ஜெகதாம்பாளுக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். வில்லங்கமே அதில்தான். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால், மருமகள் போனில் பேசுவதை மிக்ஸி சத்தம் போல ஓடவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். பத்தாவது வரை தமிழ் மீடியம். அதற்குப் பிறகு ஆவடி டிபென்ஸ் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் ஊர் ஊரிலிருந்து வந்த குடும்பங்களோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டே பாதி வயசு போயிற்று. அந்தச் சண்டைகளில் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் கலந்துதான் வரும். அதனால் ஹவுஸ், மதர், செல், கிவ், டேக் எல்லாம் காதில் விழுந்ததும் அவளுக்குப் பிடிபட்டுவிடும். பிடிபடாதது ஒன்றே ஒன்று. அந்தக் காரியம் நடந்து முடிந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா, இனிமேல்தான் நடக்கப்போகிறதா என்பதுதான் அது.

கணவர் கஜபதி ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கோவில்பதாகையில் ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். மகன் ஸ்ரீகாந்தும் மருமகள் நிவேதிதாவும் அதே வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. நிவேதிதா திருச்செங்கோட்டுப் பெண். அத்தை, மாமா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசுவாள். ஆனால் வீட்டில் ஏதாவது முக்கியமான பேச்சு வந்தால் போதும், புருஷனும் பெண்டாட்டியும் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். ஜெகதாம்பாள் வார்த்தைகளை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, எதை எதற்கு முன்னால் அடுக்குவது என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம். நிவேதிதா வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் நாள். பெங்களூரில் இருக்கும் தங்கை ஸ்வாதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அயர்ன் செய்து வந்த துணிகளோடு அறைப் பக்கம் போன ஜெகதாம்பாள், 'மை மதர்-இன்-லா' என்று காதில் விழுந்ததும் கால் ஊன்றி நின்றுவிட்டாள். அடுத்து வந்தது, 'ஐ வுட் ஹேவ் கில்ட் ஹர்.' அதற்குப் பிறகு ஒரு பெரிய சிரிப்பு.

கில் என்றால் கொலை. அதன் வாலில் ஒரு 'ட்' சேர்ந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூடத்துக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். கஜபதி ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார்.

"கில்ட்னா முடிஞ்சி போச்சின்னு அர்த்தம். நீ இன்னும் உயிரோட கீற. அப்போ அவ இங்கிலீசுதான் தப்பு," என்றார்.

இந்த ஆறுதலை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் காலம் தள்ள முடியும்? அந்த வாரமே ஜெகதாம்பாள் ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். வகுப்பு நடத்துகிறவன் முகமது ஆசிக். இன்ஜினியரிங் முடித்தவன். இன்டர்வியூவுக்குப் போகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் தைரியமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் அவன் தொழில். வழக்கம்போல அவளிடமும் பெயர், ஊர், பொழுதுபோக்கு எல்லாம் இங்கிலீஷில் சொல்லச் சொன்னான். ஜெகதாம்பாள் கையை உயர்த்தி நிறுத்தினாள். மற்றதெல்லாம் தனக்குத் தெரியும் என்றும், எது எப்போது நடந்தது என்கிற டைம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றும் கறாராகச் சொல்லிவிட்டாள். பிறகு, வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தை ஒரு எழுத்து சிந்தாமல் எடுத்து வைத்தாள்.

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. யார் சொன்னது என்று ஆசிக் கேட்டான். டிவியில் வந்தது என்றாள். அவன் போர்டில் அந்த வாக்கியத்தை எழுதி, அதன் கீழே தமிழில் 'கொன்றிருப்பேன்' என்று எழுதினான்.

"இது நடக்கலம்மா. நடந்திருக்க வேண்டியது, நடக்காம போச்சு. இதுக்கு முன்னாடி ஒரு 'இஃப்' இருக்கும். அந்த இஃப் நடக்காததாலதான் அந்தப் பொம்பள பொழச்சாங்க," என்றான். அந்த 'இஃப்' என்னவென்று கேட்டுக்கொண்டு வருவதுதான் அவளுக்கு முதல் வீட்டுப்பாடம்.

வீட்டுப்பாடத்தை அவளைப் போல் யாரும் செய்திருக்கமாட்டார்கள். மருமகளின் அறைக்கு வெளியே முறத்தைப் போட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். வெகு நேரம் ஒரே இடத்தில் உட்காரக் காரணம் தருகிற வேலை அதைப்போல் வேறு கிடையாது. நாலைந்து நாள் கீரைக்குப் பிறகு, நிவேதிதா அதே கதையை ஸ்ரீகாந்திடம் சொல்லும்போது 'இஃப்' வந்து விழுந்தது. அமெரிக்காவில் இருக்கும் பெரிய அதிகாரியோடு நிவேதிதா வீடியோவில் பேசிக்கொண்டிருந்த நாளில் நடந்த கதை அது. பீர்க்கங்காய் கூட்டா பொரியலா என்று கேட்க ஜெகதாம்பாள் நைட்டியோடு மூன்று முறை கதவைத் திறந்திருக்கிறாள். இன்னொரு தடவை திறந்திருந்தால் கொன்றிருப்பேன் என்பதுதான் முழு வாக்கியம்.

நாலாவது தடவையும் போகத்தான் போனாள். அடுப்பில் பால் பொங்கியதால் பாதி வழியில் திரும்பிவிட்டாள். அன்றைக்குத் தன் உயிரைக் காப்பாற்றியது பால்தான் என்று கஜபதியிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். கோபம் துளிகூட இல்லை. இனிமேல் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ருசி கண்டுவிட்டது. செவ்வாயும் வியாழனும் மழையானாலும் ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடிக்குப் போனாள். வீட்டில் கேட்ட வாக்கியம் வழியில் கலைந்துவிடாமல் இருக்க, வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவாள். ஒருநாள் அதே ஆட்டோவில் ஏறிய எதிர்வீட்டு ஞானம்மாள், இடுப்புவலிக்கு வைத்தியம் பார்த்ததைக் கதாகாலட்சேபம் போல விரித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜெகதாம்பாள் 'ஹேட் பீன்' கலையுமே என்று ஒரு 'உம்' கூடக் கொட்டவில்லை. அதிலிருந்து ஞானம்மாள் இந்தத் தெருவிலேயே தலைக்கனம் பிடித்தவள் ஜெகதாம்பாள்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இந்தப் பக்கம் கஜபதி, வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரை தின்று வயிறு கெட்டு அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். இரும்புச்சத்து அதிகமாகி உடம்பு துருப்பிடிக்கப் போகிறது என்று முணுமுணுத்தார்.

நவம்பர் கடைசியில் அந்த இரண்டு வாக்கியங்கள் வந்தன. நிவேதிதா போனில் யாரிடமோ சொன்னாள். 'வீ ஹேவ் பீன் லுக்கிங் ஃபார் எ ஹவுஸ் சின்ஸ் ஆகஸ்ட்.' கொஞ்ச நேரம் கழித்து, 'பை டிசம்பர் எண்ட் வீ வில் ஹேவ் மூவ்ட் டு மொகப்பேர்.'

ஹவுஸ், ஆகஸ்ட், டிசம்பர், மொகப்பேர். வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவைதான். அன்றைக்கு வகுப்பு இல்லை. இருந்தாலும் கீரையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள். ஆசிக் போர்டில் இரண்டையும் எழுதினான். எழுதி முடித்துவிட்டு மார்க்கரை மூடி வைத்தான்.

"அம்மா, இது டிவியில வந்ததா?"

"நீ அர்த்தத்தச் சொல்லுப்பா," என்றாள் ஜெகதாம்பாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதல் வாக்கியத்துக்கு, ஆகஸ்டில் தேட ஆரம்பித்து இன்னும் விடாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருநாள் யோசித்துவிட்டுக் கைவிட்டது கிடையாது, நடுவில் நிறுத்தவும் இல்லை. இரண்டாவதற்கு, டிசம்பர் முடிகிறபோது போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று அர்த்தம். போகலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

வீடு திரும்பும்போது அவளுக்கு டிசம்பர் பெரிதாகப் படவில்லை. பிள்ளைகள் தனியாகப் போவது உலகத்தில் நடக்காததா? ஆகஸ்ட்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஆகஸ்டில் நிவேதிதாவுக்கு டெங்கு காய்ச்சல். தெருத்தெருவாக அலைந்து பப்பாளி இலை பறித்து வந்து, சாறு பிழிந்து, மூக்கைப் பிடித்து ஊற்றியவள் இவள். ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டு போனவளும் இவள்தான். ஒரு கையால் சாற்றை வாங்கிக் குடித்துக்கொண்டே இன்னொரு கையால் செல்போனில் வீடு தேடியிருக்கிறாள் என்பதை நினைக்க நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னா ஆச்சு என்று கேட்டான். தூசி என்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெகதாம்பாள் யாருக்கும் பரிமாறாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"யூ ஹேவ் பீன் லுக்கிங் ஃபார் ஹவுஸ் சின்ஸ் ஆகஸ்ட்," என்றாள்.

ஸ்ரீகாந்தின் இட்லி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. நிவேதிதா தன்னையறியாமல், "ஃபார் எ ஹவுஸ்," என்று திருத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தப்பு ஆசிக்குடையது அல்ல. டைம் மட்டும் போதும் என்று சொன்னவள் இவள்தான். ஜெகதாம்பாள் விடாமல் அடுத்ததற்குப் பாய்ந்தாள். "பை டிசம்பர் எண்ட், யூ வில் ஹேவ் பீன்... யூ வில் பீன்..." அதற்கு மேல் வண்டி நகரவில்லை. மூவ்டா மூவிங்கா என்று தடுமாறியதில் கோபம்தான் கூடியது. இந்தக் கோபத்தைத் தாங்குகிற அளவுக்கு அந்தப் பாஷையில் அவளிடம் சரக்கு இல்லை.

"ஆஸ்பத்திரில உனுக்கு எல சாறு புழிஞ்சி ஊத்துனேன் பாரு, அந்த ஆகஸ்ட்டு. அப்பவே ஊடு தேட ஆரம்பிச்சிட்டியா நீ?" என்றாள்.

நிவேதிதா தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பத்தானுங்க அத்தை ஆரம்பிச்சேன்," என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது ஞானம்மாளிலிருந்து மீன்காரி வரைக்கும் அத்தை அறைக்குள் அழைத்து வந்து காட்டியது. ரத்தத்தில் தட்டணு எவ்வளவு இருக்கிறது என்று தெருவுக்கே அறிவித்தது. கடைசியாக ஒருநாள் அவள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றபோது, பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கேபிள்காரனோடு கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றது. சாறு கொடுத்ததைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன் என்றும் சொன்னாள். "ஆனா ஒருக்கா கூட நீங்க கதவைத் தட்டலைங்க," என்றாள்.

ஜெகதாம்பாளுக்கு உண்மையிலேயே திகைப்பாக இருந்தது. குவார்ட்டர்ஸில் கதவு என்பது நாய் வராமல் இருப்பதற்காக வைத்தது. யாராவது கதவைத் தட்டினால் ஃபாக்டரியில் ஏதோ விபத்து என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அப்படியே பழகிவிட்டவள்.

"தட்டச் சொல்லியிருந்தா தட்டியிருப்பேனே. ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"இவருகிட்டச் சொன்னேனுங்க. 'ஐ வில் டெல் ஹர், ஐ வில் டெல் ஹர்'னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்காருங்க."

எல்லோரும் ஸ்ரீகாந்தைப் பார்த்தார்கள். அவன் சட்னியில் எதையோ தேடினான். 'வில்' என்றால் இனிமேல் நடக்கப்போவது என்று ஆசிக் சொல்லிக்கொடுத்திருந்தான். நடக்கவே போகாததற்கும் அதையே சொல்லலாம் என்று அவன் சொல்லவில்லை. மாமியாரும் மருமகளும் அந்த வீட்டில் முதன்முறையாக ஒரே ஆள் மேல் கோபமாக இருந்தார்கள். அது ஒருவிதத்தில் வசதியாகவே இருந்தது.

கஜபதிதான் பேச்சை நடப்புக்குக் கொண்டு வந்தார். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதா, என்றைக்குப் போவதாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்தெட்டாம் தேதி என்றான் ஸ்ரீகாந்த்.

"இருவத்தெட்டா? மார்கழில எவனாவது ஊடு மாறுவானா?" என்று ஜெகதாம்பாள் சீறினாள். "தை பொறக்கட்டும். நான் நாள் பாத்துச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான், தான் சம்மதித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. நிவேதிதா எழுந்து வந்து இட்லித் தட்டை அவள் கையில் கொடுத்து உட்காரவைத்தாள்.

இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது, தொடர்ந்து வாருங்கள் என்று ஆசிக் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தான். தெரிந்த வரைக்குமே தூக்கம் கெட்டது போதும் என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு டப்பா அதிரசம் கொடுத்துவிட்டு வந்தாள். முருங்கைக்கீரையும் வீட்டில் நின்றது.

தை மாதம் முகப்பேரில் பால் காய்ச்சினார்கள். ஹவுசிங் போர்டு பிளாட், இரண்டாவது மாடி. திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். சமையலறையில் அடுப்பை ஜன்னலுக்கு நேராக வைத்திருந்ததைப் பார்த்ததும் ஜெகதாம்பாளுக்குக் கை பரபரத்தது. காற்றில் அணைந்துவிடும், இந்தப் பக்கம் நகர்த்து என்றாள். வேண்டாம் என்றாள் நிவேதிதா. இவள் அடுப்பில் கை வைத்தாள்.

"அத்தை, இது என் வீடுங்க. அடுப்பு நான் வெச்ச எடத்துலதான் இருக்கோணும்," என்றாள் நிவேதிதா. கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, சுத்தத் தமிழில்.

ஜெகதாம்பாள் விட்டுவிடுவாளா? எத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தவள் நான் என்று ஆரம்பித்தாள். வெந்தது போதும் என்றுதான் ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன் என்றாள் மருமகள். சம்பந்தியம்மாள் நடுவில் புகுந்து இருவரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஸ்ரீகாந்த் பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் செய்கிற மாதிரி நின்றுகொண்டான். அரைமணி நேரம் நடந்த அந்தச் சண்டையில் இங்கிலீஷ் ஒரு சொல் வரவில்லை. அடுப்பும் நகரவில்லை.

சாயங்காலம் ஆவடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கஜபதி ஏறியவுடனே தூங்கிவிட்டார். சண்டை போட்டதில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மனசு ஏனோ இலேசாக இருந்தது. வெள்ளிக்கிழமை போன் பண்ணி, அடுப்பு அணைகிறதா இல்லையா என்று கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.