கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

திரையில் பந்தல் வந்தது, வாழைமரம் வந்தது, மாலையும் கழுத்துமாகப் பிரேமினி வந்தாள். வாசலோரத்துக் கதிரையில் அழகுமுத்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா தன் பக்கம் திரும்பியதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவ்வளவுதான். திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாகவே மறுபடியும் முதலிலிருந்து எழும்பத் தொடங்கியது.

"பாத்தீங்களா தம்பி, இப்படித்தான். சரியா அவரு பேசப்போற நேரம் பாத்து," என்றாள் நாகலெட்சுமி, கம்ப்யூட்டர் திருத்த வந்திருந்த விஜிதரனிடம். கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

புருஷன் அழகுமுத்து போய் இரண்டு மாதம். தேயிலை மலையில் உரம் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழும்பவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே இவள் கொழுந்தெடுக்கப் போனாள். கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பார் என்று லயத்தின் ஒட்டுவீடுகளில் பேசிக்கொண்டார்கள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் பேசினால் இங்கே கேட்காதா என்ன? கேட்டது, ஆனால் உறைக்கவில்லை. எதுவுமே உறைக்கவில்லை, சோறுகூட ருசிக்கவில்லை. அவளுக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய குரல் மறந்துகொண்டே வந்தது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரலுக்கு இருப்பது மகள் பிரேமினி பெரியமனுஷியான சடங்கின் வீடியோ மட்டும். அந்தச் சீடியும் கீறல் விழுந்து பாழாகிவிட்டது. நல்லவேளை, பிரேமினி அதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். இப்போது அவள் கொழும்பில் வேலை செய்கிறாள். எதை அமுக்கினால் படம் ஓடும் என்பதை மட்டும் அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

விஜிதரன் ராகலை டவுனில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர். தோட்டத்துக்குக் கூப்பிட்டால் ஆயிரம் சாக்குச் சொல்லுகிற மனுசன், துக்க வீடு என்பதால் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்திருந்தார். முதலில் கரண்டைத்தான் சந்தேகப்பட்டார். ஃபேக்டரி மெஷின் ஓடினால் லயத்துப் பல்புகள் மங்கிப்போவது தெரிந்த கதை. பிளக்கை மாற்றிப் பார்த்தார். பல்பு நன்றாகவே எரிந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டர் மட்டும் இன்னொருமுறை விழுந்து எழும்பியது. அப்புறம்தான் பெட்டியின்மேல் கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார்.

பெட்டியைச் சுற்றிக் கம்பளி. மழையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் போர்த்திக்கொள்ளும் அதே முரட்டுக் கம்பளி. சுவிட்ச் இருக்கும் முகப்பை மட்டும் விட்டுவிட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"அக்கா, இதோடயேவா ஓட்டுறீங்க?"

"பனி ஏறிக் கெட்டுப்போயிரும்னு அவருதான் கட்டுவாரு தம்பி."

"நிப்பாட்டுனப்பறம் கட்டலாம்க்கா. ஓடுறப்ப காத்து போகணும். உள்ள வெந்துபோயித்தான் அணைஞ்சி அணைஞ்சி வருது. அவரு அவுத்துட்டுத்தானே ஓட்டியிருப்பாரு?"

அப்படித்தான் இருக்கும். அவர் இருந்தவரை அவள் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் அது கம்பளிக்குள்தான் இருந்தது. விஜிதரன் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க!"

லயமே கேட்கும்படி கத்திவிட்டாள். விஜிதரன் திகைத்துப்போனார்.

"அது அவரு கடைசியா கட்டுன கட்டு தம்பி. அவுக்காம செய்ய முடியாதுங்களா?"

"முடியாதுக்கா. இப்படியே விட்டா ஒருநாள் ஒரேயடியா போயிரும். வீடியோவும் போயிரும்."

அவள் தரையில் உட்கார்ந்து முடிச்சைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் போடுவதைப்போல இரட்டை முடிச்சு. நகத்தால் நெம்பினாள். வெகுநேரம் பிடித்தது. அவிழ்ந்துவிட்டால் நெஞ்சே வெடித்துவிடும் என்று நினைத்திருந்தாள். அவிழ்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

விஜிதரன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன ஃபேனில் சடைபிடித்திருந்த கம்பளி மயிரையும் அடுப்புக் கரியையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். சூடு ஆறியதும் வீடியோவைப் போட்டார்.

"அந்த எடத்துக்கே தள்ளி ஓட்டவா?"

"வேணாம் தம்பி. மொதல்லருந்து ஓடட்டும்."

அந்த இடம் வந்தது. படம் நிற்கவில்லை. அழகுமுத்து வாயைத் திறந்தார்.

"என்னைய ஏன்யா எடுக்குற? புள்ளைய எடு, போ."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். வெறும் கதிரை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு கேமரா பந்திப் பக்கம் போனது.

"இன்னொருக்கா போடவாக்கா?"

"இருங்க தம்பி. சாப்புட்டுட்டு வருவாரு," என்று நாகலெட்சுமி முக்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் யாரோ வரிசையாகப் பாயாசம் ஊற்றிக்கொண்டே போனார்கள்.