ஓசி முளைத்த தொட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி லேசருக்குப் படிகம் வளர்த்தாள். போன வருடம் இறந்துபோனாள். நோயைப் பற்றி இங்கே ஒரு வரியும் வராது. கதை தொட்டியைப் பற்றியது.

முதல் தொடக்கம்: 'கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கனவு வளர்ந்துகொண்டிருந்தது.' அடித்துவிட்டேன். அவள் படித்தால் சிரிப்பாள்.

இரண்டாவது: தொட்டிக்குள் உப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

இது இருக்கட்டும்.

2

உப்புக் கரைசலில் நகம் அளவு விதைப் படிகத்தைத் தொங்கவிட்டு, சூட்டை மெல்ல மெல்லக் குறைப்பாள். கரைந்திருந்த உப்பு விதைமேல் படியும். தலையணை அளவுக்கு வளர்த்துவிடலாம். ஆனால் உள்ளே ஒரு பொட்டுக் குறை இருந்தால் போதும், பெரிய லேசர் பாயும்போது அந்த இடத்தில் வெடிக்கும். போன படிகம் அப்படித்தான் போனது.

[இங்கே மாமியார் எதற்கு? கேலி செய்ய ஒரு ஆள் வேண்டுமே.]

மாமியார், அதாவது என் அம்மா, ஒருநாள் கேட்டாள்: "உப்பைத் தண்ணியில போட்டு வைக்கிறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?"

"கரைக்க எல்லாருக்கும் தெரியும் அத்தை. திரும்ப எடுக்கத்தான் படிக்கணும்."

3

விதையைத் தொங்கவிடும் முன் கரைசலை நன்றாகச் சூடாக்கி அப்படியே வைத்திருக்க வேண்டும், பழைய துணுக்குகள் ஒன்றுவிடாமல் கரையும்வரை. ஆய்வகத்தில் இதற்கு 'மறக்கடிப்பது' என்று பெயர். (வார்த்தை என்னுடையதல்ல. நானே போட்டிருந்தால் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.)

இந்த முறை பாதி மறக்கடித்ததோடு நிறுத்திவிட்டார்கள். லேசர் பிரிவுத் தலைவர் அவசரப்படுத்தினார், அவளும் தலையாட்டினாள். தொட்டியின் அடியில், அழையாத விருந்தாளியாக இன்னொரு படிகம் முளைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஓசி. விதைக்குச் சேர வேண்டிய உப்பை அது தின்று கொழுத்தது. மேலே தொங்கியது ஒழுங்கில்லாமல் வளர்ந்து, உள்ளே புகைபோல ஒரு படலம் விழுந்தது.

அந்தத் தலைவர், எங்கள் வீட்டுப் பேச்சில் லேசர்காரர், வந்து குனிந்து பார்த்தார்.

"இருக்கறத எடுத்துரும்மா. சின்னதா இருந்தா என்ன, ஒப்பேத்திக்கலாம்."

"உள்ள புகை விழுந்திருக்கு சார்."

"கண்ணுக்கே தெரியலையே."

"உங்க லேசருக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் கரைத்து மறுபடி தொடங்கினால் சோதனைத் தேதி தவறிவிடும், தொட்டி வேறு குழுவுக்குப் போய்விடும், அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மிரட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மருத்துவமனைக்குத் தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்.

[கடைசி வரியை எடுத்துவிட வேண்டும்.]

4

முடிவுகள்.

அ. இருப்பதை எடுத்துக் கொடுக்கிறாள். தொட்டி தப்புகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இவளைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆ. அடியில் மட்டும் சூடேற்றி ஓசியைக் கரைக்கிறாள். செய்யக்கூடியதுதான். ஓசி போகும், புகை போகாது.

இ. எல்லாவற்றையும் கரைக்கிறாள். கரைசல் பழையதை முழுக்க மறக்கும்வரை சூட்டில் வைக்கிறாள். பிறகு புது விதை. இதைத்தான் செய்வாள், எனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால்

அவள் கை சூட்டுக் குமிழை

அவள் சூட்டை ஏற்ற

5

ஏற்றினாள்.

முதலில் படிகத்தின் கூர்விளிம்புகள் மழுங்கின. பிறகு பக்கங்கள் வழுவழுத்தன. ஓசியும் கூடவே சிறுத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று லேசர்காரர் கேட்டார்.

"மறக்கற வரைக்கும் சார். இந்தத் தடவை அவசரப்படுத்தாதீங்க."

அடுத்து விதையைத் தொங்கவிட வேண்டும். தொட்டி அவளிடமே இருக்குமா, புதுப் படிகம் லேசரைத் தாங்குமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவ்வளவு தூரம் வரவில்லை. அவள் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. கரைசல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.