பைக்கு ஒரு ஆள்

சந்திரகுமார் வாங்கு எண்ணிக்கொண்டு திரிந்ததைப் பார்த்து அந்தப் பூங்காவின் காவலாளிக்கே சந்தேகம் வந்துவிட்டது. வராதா பின்னே? ஞாயிற்றுக்கிழமை காலை, வந்த சனமெல்லாம் குடும்பம் குடும்பமாக நீச்சல் தடாகத்துக்கும் ராட்டினத்துக்கும் ஓடுகிறது. இங்கே நாற்பத்தெட்டு வயது மனுசன் ஒருவன் தனியாக டிக்கெட் எடுத்து உள்ளே வந்து, வாயிலிலிருந்து காலடி எண்ணிக்கொண்டு நடக்கிறான். ஆட்கள் இருக்கப் போட்ட வாங்கைக் கண்டால் போய் இருக்கிறான். எழும்பிக் கடதாசியில் என்னவோ எழுதுகிறான். திரும்ப நடக்கிறான். காவலாளி கிட்ட வந்து, "அய்யே, என்ன தேடுறீங்க?" என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கேட்டான். இவனும் சிங்களத்தில் தம்பி முறை வைத்து, "ஒன்றுமில்லை மல்லி, இருக்கிற இடம் தேடுறேன். அக்காவுக்கு இதய வருத்தம். அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றான். அதைக் கேட்டதுதான் தாமதம், காவலாளி இவன் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய், மாமரத்துக்குக் கீழே இருந்த கல்லுக்கட்டைக் காட்டினான். மூன்று மணி வரைக்கும் அதில் வெயில் விழாதாம். சந்திரகுமார் அதையும் எழுதிக்கொண்டான்.

அவன் ஆள் அப்படி. கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியறிங் கொம்பனியில் இருபத்துமூன்று வருசமாகச் சரக்குப் பட்டியல் சரிபார்க்கிறவன். பட்டியல் போடாமல் சந்தைக்குக்கூடப் போகமாட்டான். "உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோகேக்கயும் கையில ஒரு லிஸ்ட்டைத் தந்துதான் விடவேணும்" என்று நிஷாந்தி சொல்லுவாள். கட்டிய பெண்சாதி சொல்லுகிற சொல்லா இது! ஆனால் அவளும் பொய் சொல்லவில்லை.

அக்கா சரோஜினிதேவிக்கு ஐம்பத்தேழு வயது. கலியாணம் கட்டவில்லை. அம்மா பாயில் விழுந்த ஒன்பது வருசமும் அவள்தான் பார்த்தாள், அம்மா போனபிறகு வெள்ளவத்தையில் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். தெஹிவளையில் ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் டைப்பிஸ்ட் வேலை. இரண்டு வருசத்துக்கு முன் ஒருநாள் பஸ்ஸால் இறங்கியவள் மூச்சு முட்டி அப்படியே தரிப்பிடத்தில் இருந்துவிட்டாள். இதயம் இப்போது நூற்றுக்கு முப்பது வீதம்தான் வேலை செய்கிறதாம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. குசினியிலிருந்து தன் அறைக்குப் போகும்போதுதான் தெரியும். பிரிட்ஜில் கை வைத்து ஒரு நிமிசம், சாப்பாட்டு மேசைக் கதிரையில் இரண்டு நிமிசம், பிறகுதான் கட்டில். யாராவது பார்த்தால் பிரிட்ஜில் என்னவோ தேடுகிற மாதிரிக் கதவைத் திறப்பாள்.

பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகள் இந்தப் பூங்காவைக் கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்த ஓர் இரவு, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி அக்கா சொன்னாள்: "நானும் வாறன்."

மகன் ஹரிசன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான் என்றால் பாருங்களேன். அக்கா எதையும் கேட்கிற ஆள் இல்லை. அக்காவுக்கு ஒரு குறையும் இல்லாமல், ஒரு மூச்சும் கூட வாங்காமல் அந்தப் பகலைக் காட்டிக் கூட்டிவரவேணும் என்று சந்திரகுமார் அந்த இடத்திலேயே முடிவெடுத்தான். சில்லுக் கதிரை வாடகைக்கு எடுப்போமா என்று கேட்டதற்கு மட்டும் அக்கா முகத்தைத் திருப்பினாள். "தள்ளிக்கொண்டு போறதெண்டா நான் வரேல்லை." அதனால்தான் இந்த வாங்கு எண்ணுகிற வேலை.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் துப்பரவாக எழுதினான். வாயிலிலிருந்து முதல் வாங்கு நூற்றுப்பத்து அடி. அடுத்தது எண்பது. தடாகத்துக்குப் பக்கத்து வாங்கு நல்ல நிழல், கழிவறை கிட்ட. இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில், 'தடாகத்திலிருந்து ராட்டினம், முந்நூற்று நாற்பது அடி, வேண்டாம்' என்று எழுதி, வேண்டாமுக்குக் கீழே இரண்டு கோடு கீறினான்.

அடுத்த ஞாயிறு எல்லாம் பட்டியல்படியே நடந்தது. வான் ஏழு மணிக்கு வெளிக்கிட்டது. அக்கா நாவல் நிறச் சேலை கட்டி, முன் சீற்றில் கண்ணாடியைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒவ்வொரு வாங்கிலும் அவன் சொன்ன நேரம் இருந்தாள். "மாமி, நீங்க குயீன் மாதிரி" என்றாள் சின்னவள் மிதுனா. "ஓம், நாலடிக்கு ஒரு சிம்மாசனம்" என்றாள் அக்கா. தடாகத்தருகே வந்ததும் சந்திரகுமார் வாங்கைத் துவாயால் துடைத்து, தலையணை வைத்து, அக்காவை இருத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, பிள்ளைகள் நீந்துவதைப் பார்க்கலாம். இதற்குமேல் என்ன வேணும்?

அதற்குப் பிறகு நடந்ததில் யாருக்கும் ஒரு குற்றமும் தெரியவில்லை. எங்கள் சனம் எங்கே போனாலும் பைக்கு ஒரு ஆள் வேணும். கதிர்காமமோ கடற்கரையோ, சாப்பாட்டுப் பார்சல், மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல் என்று வீட்டில் பாதியைக் காவிக்கொண்டு போவோம், பிறகு அதைக் காவல் காக்க ஒருவரை இருத்துவோம். அந்த ஒருவர் யார் என்று ஒரு நாளும் கதைத்து முடிவெடுப்பதில்லை. "மாமி, இதை ஒருக்கா வைச்சிருங்கோ" என்று ஹரிசன் போனைக் கொடுத்தான். மிதுனா செருப்பைக் கழற்றி வாங்குக்குக் கீழே தள்ளினாள். நிஷாந்தி காப்பையும் கைப்பையையும் கொடுத்தாள். சந்திரகுமார் மூக்குக்கண்ணாடி, பேர்ஸ், மடித்த சேர்ட் எல்லாவற்றையும் அக்காவின் மடியில் வைத்தான். அக்கா எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக அடுக்கினாள். எவ்வளவு காலத்துப் பழக்கம்!

அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது வெள்ளவத்தையில் ஒரு கார்னிவல் வந்தது. அம்மா அவனுக்கும் அக்காவுக்கும் ராட்டினத்துக்கு ஒவ்வொரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தா. சாமான் பையோடு யாராவது நிற்கவேணும் என்று அக்கா கீழேயே நின்றாள். உச்சிக்குப் போனதும் இவன் அவளைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு வட்டம் கீறிக் காட்டினான், இன்னொரு சுற்று வேணுமாம். அக்கா சிரித்துக்கொண்டு தன் டிக்கெட்டைக் கொண்டுபோய் ராட்டினக்காரனிடம் கொடுத்தாள். இந்தக் கதையைச் சந்திரகுமார் சபை சந்தியில் எல்லாம் சொல்லுவான். சொல்லும்போது கண் கலங்கும். "அக்கா எண்டா அப்பிடி ஒரு அக்கா" என்று முடிப்பான். பக்கத்தில் இருக்கிற அக்கா சிரிப்பாள், கதை அதோடு முடியும்.

தண்ணீருக்குள் இருந்து அரை மணி நேரத்துக்கு ஒருக்கா வாங்கைப் பார்த்தான். முதல் தரம் அக்கா கை காட்டினாள். இரண்டாம் தரம் பார்த்தபோது வாங்கில் பைகள் இருந்தன. அக்கா இல்லை.

உள்ளங்கால் சுடச்சுட, ஈரக் களிசானோடு ஓடினான். கழிவறை வாசலில் நின்ற பெண்ணைக் கேட்டான். இல்லை. எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்று சனத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். ஐயோ, நானே கொண்டுவந்து இருத்திவிட்டு நீந்தப் போனேனே என்று வாய்விட்டே சொன்னான். ஐஸ்கிரீம் விற்றவளிடம் நாவல் நிறச் சேலை என்று கைகாலால் விளங்கப்படுத்த, அவள் பக்கத்து வாங்கைக் காட்டினாள். இதில்தான் இருந்தாவாம், இப்பதான் எழும்பிப் போனாவாம். அடுத்த வாங்கிலும் அதே கதை. மாமரத்துக் கல்லுக்கட்டில் இருந்த ஒரு கிழவர் முன்னுக்குக் கையைக் காட்டினார். அப்போதுதான் அவனுக்கு மண்டைக்குள் ஏறியது. இது அவனுடைய பட்டியல்.

அக்கா ராட்டினத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். கையில் அவன் சேர்ட் பொக்கெற்றில் வைத்த கடதாசி.

"அக்கா!"

"பொறு. மூச்சு வாங்குது. கதைக்கிறன்." கண்ணை மூடி நாலைந்து தரம் ஆறுதலாக மூச்செடுத்தாள். முகம் வியர்த்திருந்ததே தவிர, வெளிறவில்லை. "உன்ர பட்டியல் திறம். நாலாவது வாங்கில மட்டும் ஒரு பொடியனும் பெட்டையும் இருந்ததுகள். நான் போய் முன்னால நிக்க எழும்பி ஓடிட்டுதுகள், பாவம்."

"எனக்கு உயிர் போட்டுது. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ நாலு நாள் யோசிப்பாய்." கடதாசியை விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இது வேண்டாமெண்டு எழுதிக் கோடும் கீறியிருக்கிறாய். ஆரைக் கேட்டனி?"

"டொக்டர்..."

"டொக்டரைக் கேட்டனியோ?"

அவன் கேட்கவில்லை. அடிகளை எண்ணினான், நிழலை எண்ணினான், அதைமட்டும் கேட்கவில்லை. கேட்கவேணும் என்றுகூடத் தோன்றவில்லை.

"நான் கேட்டனான். போன மாசம் பொரளைக்குக் கிளினிக் போகேக்க. எகிறி விழுத்திற ஒண்டிலயும் ஏறக்கூடாதாம். மெல்லச் சுத்திற ராட்டினமெண்டால் ஏறலாமாம். நான் இதுக்குத்தான் வந்தனான், தம்பி."

அப்போது அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. அவன் யோசித்துக் கேட்கவில்லை, அது தானாக வந்தது. "அப்ப பைகளை ஆர் பாக்கிறது?"

கேட்ட பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். "இவ்வளவு நாளும் நான்தானே பாத்தனான்" என்றாள். "இண்டைக்கு ஒருக்கா நீ போய்ப் பார்."

சபை சந்தியில் சொன்ன கதையெல்லாம் அவன் முகத்தில் வந்து அடித்தது. அந்தக் கார்னிவலில் அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவளும் ஏற ஆசைப்பட்டிருப்பாளா என்று முப்பத்தெட்டு வருசத்தில் ஒருநாள் கேட்டிருப்பானா? வெட்கமாக இருந்தது.

"நானும் கூட வாறன் அக்கா."

"வேண்டாம். நீ பக்கத்தில இருந்தா என்ர மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாய்."

அது உண்மை என்று அவனுக்கும் தெரியும். ராட்டினக்காரன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றான். சட்டையில் பேர்னாட் என்று பெயர் குத்தியிருந்தது. கதைத்த விதத்தில் கொட்டாஞ்சேனை ஆள். "பயப்படாதீங்க அண்ணே, கதிரை குடுத்ததே நான்தான். மெதுவாத்தான் சுத்துவேன். ஏலாம வந்தா அக்கா கையத் தூக்கட்டும், அந்த எடத்துலயே நிப்பாட்டி எறக்கிருவேன்."

சந்திரகுமார் அக்காவின் முழங்கையைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றினான். குறுக்குக் கம்பியைத் தானே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். பேர்னாட் மூன்றாம் தரமும் இழுத்துக் காட்டினான், இவனுக்காக. பிறகு இவன் முந்நூற்று நாற்பது அடியும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

வாங்கில் எல்லாம் அக்கா அடுக்கிய மாதிரியே இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைகளை மடியில் வைத்தான். சாப்பாட்டுப் பை, உடுப்புப் பை, நிஷாந்தியின் கைப்பை. மூன்றும் சேர்ந்து இடுப்பு நாரி வரைக்கும் பாரித்தது. மிதுனா தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து, "மாமி எங்கப்பா?" என்றாள். கை இரண்டும் பைக்குள் இருந்ததால் நாடியால் மேலே காட்டினான். பிள்ளை பார்த்துவிட்டு, "ஐயோ, மாமி!" என்று கூவிக்கொண்டு தாயிடம் ஓடியது.

தடாகத்தடி மரங்களுக்கு மேலால் ராட்டினம் ஆடி அசைந்து சுற்றியது. நாவல் நிறம் மேலே வந்தது, இறங்கியது, மரத்துக்குள் மறைந்தது. மறைகிற நேரமெல்லாம் அவன் மூச்சை அடக்கினான். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் பெட்டி உச்சிக்கு வருகிறபோது அக்கா கையைத் தூக்கினாள்.

சந்திரகுமார் துள்ளி எழும்பினான். மடியில் இருந்ததெல்லாம் கீழே விழுந்து, தண்ணீர்ப் போத்தல் சீமெந்தில் உருண்டு ஓடியது. அங்கே பேர்னாட் சொன்ன சொல் தவறாமல் ராட்டினத்தை நிப்பாட்டிவிட்டான். உச்சியில் பெட்டி மெல்ல ஆடியது. இவன் கால் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை.

அக்கா உயர்த்திய கையை இறக்கவில்லை. கம்பிக்கு மேலால் எட்டி, இத்தனை சனத்துக்குள் அவன் இருந்த வாங்கைத் தேடிப் பிடித்து, ஒற்றை விரலால் காற்றில் பெரிதாக ஒரு வட்டம் கீறினாள்.

ராட்டினம் மறுபடி அசைந்தது. சந்திரகுமார் குனிந்து, விழுந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தான்.