நாற்பத்து மூன்று கோடியில் ஒன்பது

ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் காற்றுச் சுரங்கக் கூடத்தில் ஆண்டுக்கொரு ஒப்பந்தமாகப் பதினோரு வருடம் ஓட்டிவிட்டாள் ஹிசாயே. வயது நாற்பத்தொன்று. கம்பி வலையைத் தாண்டிக் கொந்தளித்து வரும் காற்றில், தலைமுடியைவிட மெல்லிய, மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியை நிறுத்தி வேகத்தை அளப்பாள். இரண்டு புள்ளிகளுக்கிடையே வேகம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதைத் தன்னாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி எட்டாம் அடுக்குக்கு உயர்த்திச் சராசரி எடுப்பாள். தூரம் கூடக்கூட அந்தச் சராசரி எப்படி வளர்கிறது என்று கோடு போடுவாள். அவள் கோடு மற்ற ஆய்வாளர்களுடையதைவிட வெகுவாகப் படுத்திருந்தது; அதுதான் புதுமை. அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டித்தான் கட்டுரையில் தன் பெயரும் சேர்ந்திருந்த பேராசிரியர் அகுட்சு, அவளுக்கு நிரந்தர வேலை கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார்.

அச்சுப் பிரதியைத் திருத்த உட்கார்ந்த பிப்ரவரிக் காலையில்தான் அவள் அதைக் கவனித்தாள். எட்டாம் அடுக்கில் சின்ன மாற்றங்களுக்கு மதிப்பே இல்லை. அபூர்வமான பெரிய குதிப்புகள்தான் கோட்டை வளைக்கும். ஆறு மணி நேரப் பதிவில் நாற்பத்து மூன்று கோடி அளவீடுகள். கோட்டைப் படுக்க வைத்தவை ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதும் நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாக வந்திருந்தன. காற்றுக்குக் கடிகாரம் தெரியாது.

அளவீடு ஓடும் மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக் குளிர்பெட்டியின் அருகே போய் நின்றாள். அதன் மோட்டார் உறுமிக் கிளம்பிய அதே நொடியில் திரையில் ஒரு குதிப்பு முள்ளாக எழுந்தது. அது காற்றல்ல, மின்சாரம்.

மூன்று நாள் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. ஒன்பதில் நான்கை மட்டும் நீக்கிப் பார்த்தாள். கோடு பொருத்தும் தூரத்தைக் குறுக்கினாள், நகர்த்தினாள். எங்கேயாவது கொஞ்சமாவது மிஞ்சாதா என்று ஆறாம் அடுக்குக்கு இறங்கினாள். ஒன்பதையும் நீக்கினால், ஊரார் கோட்டின் மேலேயே அவள் கோடும் போய் உட்கார்ந்தது.

அந்தக் குளிர்பெட்டியில் புட்டிங் வாங்கி வைக்கும் சக ஆய்வாளர் நகுமோவிடம் மட்டும் சொன்னாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"ஹிசாயே சான், ஒன்பது புள்ளிய எவன் தோண்டிப் பாக்கப் போறான்? வேலைய வாங்கிட்டு அப்புறம் மெதுவா திருத்திக்குங்க."

"நான் பாத்துட்டேனே, நகுமோ சான்."

"நீங்க பாத்தது எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் வாயத் திறக்க மாட்டேன்."

அன்று முழுக்க அந்த வாக்கு அவளை இழுத்தது. ஒத்துக்கொண்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தாள். மாலையில் கால் தானாக அகுட்சுவின் அறைக்குப் போயிற்று. அவள் நீட்டிய வரைபடங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளிர்பெட்டியா என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"இந்தக் கட்டுரைய திரும்ப வாங்கினா நான் எழுதின கடுதாசியும் செல்லாது. தெரியுதில்ல?"

"தெரியுது, சென்செய்" என்றாள் தன் ஆசிரியரிடம்.

"வேற எடத்துல சொல்லி வைக்க எனக்கு ஆளும் இல்ல."

அதற்கும் தெரியும் என்றாள். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அவர் தன் பெயருக்கு நேரே, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரையைக் குத்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிந்தது. ஏப்ரலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக் காத்திருந்தாள். பதினோரு வருடம் என்ன செய்தீர்கள் என்று எழுத்தர் கேட்டார். கொந்தளிக்கும் காற்றை அளந்து கணக்குப் போட்டதாகச் சொன்னாள். பட்டியலில் அதற்கு இடம் தேடிக் கிடைக்காமல், 'கணினி, பொது' என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.