எல்லோருக்கும் பிடித்த குன்று

போக்சுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர் நின்ற மறுநாள் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பினால், புருஷனைப் புதைத்த குன்று இனி யாருக்கும் கிடையாதாம். வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் நடுவே சும்மா கிடக்கப்போகும் நிலமாம்.

"எலும்பை எடுக்கணும்னா இன்னைக்கே எடுத்துடுங்கம்மா. அப்புறம் நாங்களே அங்க போக முடியாது," என்றான் தெற்கத்தி அதிகாரி. அதோடு விட்டானா? "ஆமா, இவ்வளவு உச்சியில கொண்டுபோய்ப் புதைக்க யாரு சொன்னது?"

யார் சொன்னது! மண் பார்ப்பவர் சொன்னார். முதுகுக்கு மலை, முன்னால் ஆறு, பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே. இங்கே படுத்தால் வம்சம் தழைக்கும் என்றார். "என் சோயாக் கொல்லை ஓரமே போதும் அண்ணி, வருஷா வருஷம் கல்லறைப் புல்லு வெட்ட யாரு ஏறுறது?" என்று கொழுந்தன் தொக்சு தலையில் அடித்துக்கொண்டான். சோம்பேறி என்று அவள் ஊர் கேட்கத் திட்டினாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அடுத்த கோடையில் வடக்குப் படை வந்தது. அருமையான இடம் என்று கல்லறை மேட்டுக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கியை வைத்தது. இலை உதிரும் காலத்தில் தெற்குப் படை அமெரிக்கர்களோடு வந்தது; அதற்கும் அதே இடம்தான் பிடித்தது. பிறகு சீனர்கள். பிறகு மறுபடியும் தெற்குப் படை. வடக்கோ தெற்கோ, வந்தவன் அவள் சோற்றைத் தின்றுவிட்டு, முதலில் சுட்டது எதிராளிதான் என்று பாடம் நடத்தினான். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போனது. நாட்டின் குறுக்கே கோடு போட்டவர்கள் இந்த ஆற்றை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கோட்டுக்காக வெட்டிக்கொண்டவர்களோ ஒரே மொழியில் ஏசிக்கொண்டார்கள்.

சிப்பாய்கள் காட்டிய பாதையில் மண்வெட்டியோடு ஏறினாள். மேட்டைக் குடைந்து பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். தோண்டினால் மூன்று மண்டையோடுகள். கூடவே ஒரு வடக்கத்திப் பெல்ட்டு, ஒரு தெற்கத்தித் தண்ணீர்க் குப்பி. எலும்புகள் குண்டு விழுந்து கலந்து கிடந்தன. எது யாருடையது? அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"எல்லாத்தையும் கட்டுங்க அண்ணி." பின்னால் தொக்சு சணல் துணியோடு நின்றான். "கொல்லை ஓரம் இன்னும் சும்மாத்தான் கெடக்கு."

"சொல்லிக்காட்ட வந்தீங்களாக்கும்?"

"தூக்க வந்தேன்."

சோயாக் கொல்லை ஓரத்தில் ஒரே மேடாக எழுப்பினார்கள். போக்சுன் மூன்று கிண்ணம் சோறு வைத்தாள். அரிசி மது ஊற்றினாள். குனிந்து வணங்கப் போனவளுக்கு மறுபடி கோபம் வந்தது.

"ரெண்டு பயலுகளும் நல்லாக் கேட்டுக்கோங்க! எவன் முதல்ல சுட்டான்ங்கிற பேச்சே இங்க கூடாது. அவரு தூங்கணும்."

புருஷனுக்குச் சோற்றில் சூப் ஊற்றினால்தான் இறங்கும். அவர் கிண்ணம் எதுவென்று தெரியாமல் மூன்றிலும் ஊற்றினாள்.