ஆறாவது ஃப்ரேம்

"சித்தி, அந்த நெகடிவ் எங்க?"

அக்கா மகள் கேட்டபோது சித்தி ஏணியின் மூன்றாவது படியில் நின்று, கோணலாகத் தொங்கிய படம் ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"எந்த நெகடிவ்டி?"

"எதுன்னு வேற சொல்லணுமாக்கும்!"

சொல்லவே வேண்டாம். கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில், கதவளவுக்குப் பெரிதாக அது மாட்டியாகிவிட்டது. புருஷன் ஆத்திரத்தில் பாதித் தலைமுடியைக் கத்தரித்துவிட்ட பெண். கண்கள் மட்டும் யாருக்கும் அஞ்சாமல் நேரே பார்க்கும். ஊர்வலத் தட்டிகளிலும் புத்தக அட்டைகளிலும் முப்பது வருடமாகச் சுற்றிவரும் முகம். சுற்றுச் சுவர்களில், செத்துப்போன அக்கா கேமராவில் பிடித்த மிச்ச வாழ்க்கை: மில் வாசலில் மறியல் செய்த பெண்கள், பிரசவ வார்டு வராந்தா, லாரிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கும் மெக்கானிக் அம்மா. நடுவே கண்ணாடிப் பெட்டியில், பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய பஞ்ச். அது அக்காவின் சட்டம். ஃபிலிமைக் கழுவியதும் படத்தில் இருப்பவளையே கூப்பிட்டுக் காட்டுவாள். பஞ்சையும் கையில் கொடுப்பாள். வேண்டாம் என்றால் அவளே நெகடிவில் தன் முகத்தில் ஓட்டை போட்டுக்கொள்ளலாம். ஓட்டை விழுந்ததை அக்கா ஒருநாளும் பிரிண்ட் போட்டதில்லை. அழைப்பிதழிலும் அதைத்தான் பெருமையாக அச்சடித்திருந்தார்கள்.

"அம்மாவோட கேமரா பையில இது இருந்துச்சு." மகள் ஒரு கவரை நீட்டினாள்.

ஐந்து நெகடிவ்கள், ஒரே துண்டாக. ஐந்திலும் அதே பெண். ஐந்து முகங்களிலும் ஓட்டை. ஓரத்தில் கத்தரி கோணலாக இழுத்திருந்தது. ஆறாவது படத்தின் நாற்காலிக் கை அங்கே நூலளவு ஒட்டிக்கொண்டிருந்தது. கவரின் மேல் அக்காவின் கையெழுத்து: 'ஆறு தடவை எடுத்தேன். ஐந்துதான் இருக்கிறது. தங்கை சொல்வாள்.'

சித்தி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகையில் படம் வந்த அன்று அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதுக்கு அவ சம்மதிச்சாளா?" "நீ டீ வாங்கப் போனப்போ சம்மதிச்சாக்கா." அத்தோடு சரி. சாகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காத்திருந்திருக்கிறாள், பாவி.

"அவ கைக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான்டி வெட்டினேன். அப்படி ஒரு படம். ஓட்டை போட விட மனசு வரல. பத்திரிகைக்கு அனுப்பினதும் நான்தான்."

மகள் நடுச்சுவர்ப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ ஒருதடவை வந்தா," என்றாள் சித்தி.

அக்கா வெளியூர் போயிருந்த நாள். டார்க்ரூமில் சிவப்பு பல்ப் எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக்கூடாது. சித்தி பல்பைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். ஃபிலிம் கழுவும் தட்டுகளில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. வெளியிலிருந்து கதவில் மூன்று தட்டு. "அக்கா, அந்தப் படம் எங்க வீட்டுக்காரர் கடைக்கே வந்துடுச்சு. நான் வேணாம்னுதானே சொன்னேன்?" மறுபடி மூன்று தட்டு. மத்தியானம் முழுக்க. அப்புறம் ஓய்ந்தது. அதன்பின் அவளைப் பார்த்ததாக யாருமே சொல்லவில்லை. அன்றிலிருந்து தன் வீட்டில் எந்த அறைக் கதவையும் சித்தி சாத்துவதில்லை.

"ஆறு மணிக்கு ஜனம் வந்துடும். அம்மா பேரு நாறிடும் சித்தி!"

"எம்பேரு நாறட்டும். நானே சொல்றேன்."

பர்ஸைத் திறந்து, பஸ் பாஸுக்குப் பின்னாலிருந்து அந்த ஒற்றை நெகடிவை எடுத்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பஞ்சையும் எடுத்தாள். அந்த முகத்துக்கு நேரே பஞ்சின் வாய் விரிந்தது.

மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் சித்தி. அது நீங்க போடற ஓட்டை இல்ல."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெரிய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள். பின்புறத்து மரச்சட்டமும் ஆணிகளும் கம்பியும் தெரிந்தன. வாசலோர மேஜையில் நெகடிவையும் பஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் சித்தி.

ஆறாக இன்னும் கால்மணி நேரம் இருந்தது. வாசல் கதவின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் ஓர் உருவம் வந்து நின்றது. முக்காடு போட்டிருப்பது போலிருந்தது.

மூன்று தட்டு.

சித்தி நடந்தாள். கைப்பிடி ஜில்லென்றிருந்தது.