யாருமே இடிக்காத லாரி

என் மனைவியை இடித்த லாரிக்கு மூன்று வக்கீல்கள். ஓட்டுநர் உட்காரும் தலைப்பகுதி ஒரு கம்பெனியுடையது. பின்னால் இழுத்து வரும் ட்ரெய்லர் இன்னொரு கம்பெனியுடையது. அதன்மேல் ஏற்றிய இரும்புப் பெட்டி மூன்றாவது கம்பெனியுடையது. துறைமுகத்தில் இது சாதாரணமாம்.

மூவரும் போலீசுக்குப் பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலையின் வக்கீல் சொன்னது: தலை திருப்பத்தைக் கடந்து போய்விட்டது, பின்னால் நடந்தது அதற்குத் தெரியாது. ட்ரெய்லரின் வக்கீல் சொன்னது: ட்ரெய்லருக்கு இன்ஜின் கிடையாது, அது யாரையும் இடிக்காது. பெட்டி வெறும் சரக்கு, அதுவும் கப்பலேறிப் போய்விட்டது என்றார் பெட்டியின் வக்கீல். மூன்றையும் சேர்த்துப் படித்தால் என் மனைவியை யாருமே இடிக்கவில்லை. போலீஸ் அறிக்கைக்கும் அதுதான் கருத்து. ஸ்கூட்டர் தானாகப் போய் லாரிக்குள் நுழைந்தது.

நான் அந்த வரியைப் படித்து மடித்து வைத்துவிட்டேன். மாமாவால் முடியவில்லை. மகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவள் இறந்த நாளிலிருந்து ஒரே கேள்வி.

"நான் சரியா சொல்லித் தரலையோ மாப்ள?"

"அதெல்லாம் இல்ல மாமா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஸ்கூட்டரே ஓட்டினதில்லையே."

உண்மைதான். நான் எப்போதும் அவள் பின்னால்தான் உட்கார்ந்து போவேன்.

அதனால் வக்கீலம்மாவிடம் போனோம். துறைமுக வாசலுக்கு எதிரே டயர் கடை மாடியில் அவருடைய ஆபீஸ். 'லாரி விபத்தா? மாடிக்கு வாங்க' என்று பலகை. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது. கால் உடைந்தவர்கள் ஏற முடியாததால் அவர் பாதி நாள் கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் வழக்கு கேட்டார். எங்களுக்குக் கால் இருந்ததால் மாடி கிடைத்தது.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எம் பொண்ணு மேல தப்பா இல்லையான்னு தெரியணும்மா," என்றார் மாமா. "வேற ஒண்ணும் வேணாம்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "அப்ப அதே இடத்துல லாரிய ஓட்டியே பாத்துடலாம்."

அவர் வழக்குப் போட்டார். இடத்தை நேரில் பார்த்து எழுதித் தர நீதிமன்றம் ஒரு கமிஷனரை நியமித்தது. ஒரு சனிக்கிழமை காலை, அதே திருப்பத்தில் ஒரு மணி நேரம் ரோட்டை அடைத்தார்கள். அதே தலை வந்தது. அதே நீளத்தில் ஒரு ட்ரெய்லர். ஓட்டுநர் மட்டும் வேறு. என் மனைவியின் ஸ்கூட்டர் விழுந்த இடத்தில், கம்பி வேலியை ஒட்டி, சுண்ணாம்பால் குறி போட்டு ஒரு வாடகை ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

"இறந்தவங்க என்ன உயரம்?" என்றார் கமிஷனர்.

"என் தோள் வரைக்கும்," என்றேன்.

அவர் எழுதவில்லை. மாமா தையல்காரர். "அஞ்சடி ரெண்டு. செருப்போட அஞ்சடி மூணு," என்றார்.

லாரியின் பக்கக் கண்ணாடியில் ஆள் தெரிகிறதா என்று பார்க்க அந்த உயரத்தில் ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார வேண்டுமாம். டேப் வைத்து எல்லோரையும் அளந்தார்கள். பொருந்தியவர் ட்ரெய்லரின் வக்கீல் ஒருவர்தான்.

"நானா? நான் எதிர்தரப்புங்க!"

"உயரத்துக்கு ஏதுங்க தரப்பு?" என்றார் கமிஷனர்.

"சும்மா உக்காருங்க சார்," என்றார் தலையின் வக்கீல். "உங்க ட்ரெய்லர்தான் யாரையும் இடிக்காதே."

கறுப்புக் கோட்டோடு அவர் உட்கார்ந்தார். ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள். அசையக் கூடாது என்றார்கள். கமிஷனர் விசில் ஊதினார்.

லாரி வந்தது. தலை அகலமாக வளைந்து மரியாதையாக ஒதுங்கிப் போனது. ட்ரெய்லரின் வக்கீல் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்போதுதான் ட்ரெய்லர் திரும்பியது. தலை போன வழியில் அது போகவில்லை. குறுக்குவழி கண்டுபிடித்த மாதிரி வேலியை நோக்கி வந்தது. எட்டுச் சக்கரங்கள்.

"டேய்! டேய்! கண்ணு தெரியலையாடா? ஆள் நிக்கிறேன்டா இங்க!"

விசில். லாரி இரண்டு கை தூரத்தில் நின்றது. ஸ்கூட்டர் கீழே கிடந்தது. வக்கீல் வேலியில் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

கமிஷனர் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஆள்... நிக்கிறேன்டா... இங்க."

"ஆட்சேபணை! அதை எழுதாதீங்க. நான் சொன்னதில்ல அது."

"பின்ன யாரு சொன்னது?"

"இறந்தவங்க. அவங்க இடத்துலதானே உக்காந்திருந்தேன்? அவங்க சார்பாக் கத்தினேன்."

"நல்லதுங்க சார்," என்றார் வக்கீலம்மா. "எட்டு மாசமா அவங்களப் பேச வைக்க யாராலயும் முடியல."

பெட்டியின் வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன் போல. வக்கீலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மாமா சிரிக்கவில்லை. வேலிக்குப் போய் ட்ரெய்லரின் வக்கீலைக் கைகொடுத்து இறக்கினார்.

"சார், நீங்க ஸ்கூட்டர் ஓட்டுவீங்களா?"

"முப்பது வருஷமா ஓட்டுறேன்யா."

"ஒதுங்க இடம் இருந்துச்சா?"

அவர் மற்ற இரண்டு வக்கீல்களையும் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"எங்கய்யா ஒதுங்கறது? இந்தப் பக்கம் வேலி. அந்தப் பக்கம் சக்கரம்."

"முன்னாடி எடுத்திருந்தா?"

"நேரம் ஏது? எப்படி ஓட்டத் தெரிஞ்சவனா இருந்தாலும் சரி, அந்த இடத்துல நிக்கறதத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "கமிஷனர் சார், இதுக்கும் ஆட்சேபணை."

"யார் சார்பா?"

அவர் யோசித்தார். "என் கட்சிக்காரர் சார்பா."

கமிஷனர் இரண்டையும் எழுதிக்கொண்டார். மாமா படிக்கச் சொன்னார். படித்ததும், இன்னொரு தடவை என்றார். 'நிக்கறதத் தவிர' என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து மறுபடி கேட்டார். பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அடைப்புக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக ஹார்ன் அடித்தன. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேட்டீங்களா மாப்ள?"

"கேட்டேன் மாமா."

"முப்பது வருஷம் ஓட்டினவர்."

"ஆமா மாமா."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. வக்கீலம்மா எங்களை எழுப்ப வந்தார். போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உக்காரட்டும்மா. ரோட்டத் திறக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தோம்.